சயனோபாக்டீரியா கடிகாரம்: ஒரு தட்டு சரி, இன்னொன்று மட்டும் ஏன் விலகுகிறது?

கேள்வி (தஞ்சாவூர்)
வணக்கம். ஆறு மாதமாக ஆய்வு உதவியாளராக இருக்கிறேன். சினெகோகாக்கஸ் எலாங்கேட்டஸ் பிசிசி 7942 என்ற சயனோபாக்டீரியா (ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா), லூசிஃபெரேஸ் என்ற ஒளிவிடும் நொதியைச் சேர்த்த ரகம். அது விடும் ஒளியை அளந்து நாள் கடிகாரத்தைப் பார்க்கிறோம். இரண்டு இன்குபேட்டர், ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு. முதலாவதில் காலை 6 மணிக்கு விளக்கு எரிந்து மாலை 6 மணிக்கு அணையும். இரண்டாவது தலைகீழ், பகலில் வேலை நேரத்திலேயே அதன் இரவை அளக்க வேண்டும் என்பதற்காக. இரண்டு நாள் இப்படிப் பழக்கிவிட்டு, அப்புறம் இரண்டுக்கும் தொடர் வெளிச்சம், 30 டிகிரி. முதல் தட்டின் ஒளி, பழகிய கணக்குப்படி ஒழுங்காக அதன் அந்திப் பொழுதில் உச்சம் தொடுகிறது. இரண்டாவதோ முதல் நாள் நன்றாக இருந்துவிட்டு மறுநாளிலிருந்து நாலைந்து மணி நேரம் விலகுகிறது. மூன்று தடவை செய்ததில் இரண்டு தடவை இப்படித்தான். ரகமே கெட்டுவிட்டதா? அடுத்த வாரம் முடிவைக் காட்ட வேண்டும், தூக்கமே வரவில்லை.

பதில் (திருச்சி)
தம்பி, இரண்டு தட்டும் ஒரே குடுவையிலிருந்துதானே? அப்படியானால் ரகத்தைச் சந்தேகிக்காதீர்கள். கடிகார மரபணு கெட்டால் சுழற்சியின் நீளமே மாறும். 1994இல் கோண்டோ என்ற ஆய்வாளரின் குழு கண்டுபிடித்த, மரபணு மாறிய ரகங்களில் 16 மணி நேரச் சுழற்சியும் உண்டு, 60 மணி நேரமும் உண்டு. உங்களுடையது ஒரு தடவை தாவிவிட்டு மறுபடி 24 மணிக்கு ஓடுகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள்.

பதில் (மன்னார்குடி)
இரண்டாவது இன்குபேட்டர் சூடாகியிருக்குமோ?

கேட்டவர்
அக்கா, தாவலுக்கு அப்புறம் சரியாக 24தான். வெப்பநிலைப் பதிவில் 30 கொஞ்சமும் நகரவில்லை.

பதில் (திருச்சி)
சூடு சற்று ஏறினாலும் இந்தக் கடிகாரம் பெரிதாக அசையாது, நாள் கடிகாரங்களின் பொதுச் சிறப்பே அதுதான். 2005இல் இந்தக் கடிகாரத்தின் கைஏ, கைபி, கைசி என்ற மூன்று புரதங்களையும் ஏடிபியோடு (செல்லுக்கு ஆற்றல் தரும் அடினோசின் ட்ரைபாஸ்பேட்) ஒரு குழாயில் கலந்தபோதே 24 மணிச் சுழற்சி வந்தது, செல்லே தேவைப்படவில்லை. ஆனால் இருட்டு வேறு விஷயம். இருட்டில் ஒளிச்சேர்க்கை நின்று ஏடிபி குறையும், அது சிதைந்து வரும் அடினோசின் டைபாஸ்பேட் மிகும், அதை

பதில் (திருச்சி)
மன்னிக்கவும், பாதியில் போய்விட்டது.  அடினோசின் டைபாஸ்பேட்டின் விகிதம் ஏறுவதைக் கைசி நேரடியாக உணர்ந்து முள்ளை நகர்த்திவிடும். இரவில் கரண்ட் போகிறதா?

பதில் (கும்பகோணம்)
ஐப்பசி மழையில் இங்கே எங்களுக்குத் தினமும் போகிறது. இன்குபேட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கலாம். விளக்கு?

கேட்டவர்
விளக்குப் பட்டைகளைத் தனியாக வாங்கி ஒட்டியிருக்கிறோம், அவை சாதாரண லைனில்தான்! இரவு பதினொன்றுக்கு மேல் நான் அளப்பதும் இல்லை. ஆனால் அணைந்தால் இரண்டும்தானே அணையும்?

பதில் (திருச்சி)
அங்கேதான் விடை இருக்கிறது. இரவு 2 மணி உங்கள் முதல் தட்டுக்கும் பழகிய கணக்குப்படி இரவுதான், அப்போது இருட்டு வந்தால் அது எதிர்பார்க்கிற இருட்டு, அதனால் பெரிதாக அசையாது. இரண்டாவதற்கு அது பிற்பகல். பகலில் சில மணி நேரம் இருட்டினால் கடிகாரம் நன்றாகவே நகரும். விளக்கை யுபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள், உள்ளே வெளிச்சத்தின் அளவைப் பதியும் கருவி ஒன்றும் வையுங்கள்.

கேட்டவர் (ஒன்பது நாள் கழித்து)
காவலாளி அண்ணனிடம் கேட்டேன். அந்த இரண்டு தடவையும் நள்ளிரவு ஒன்றரைக்குப் போன கரண்ட் விடியற்காலை ஐந்தரைக்குத்தான் வந்ததாம், அவர் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். விளக்கை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினேன். நடுவில் ஒரு நாள் கரண்ட் போயும் இரண்டாவது தட்டு மூன்று நாளும் தன் அந்தியிலேயே உச்சம் தொட்டது. பழைய இரண்டு ஓட்டங்களையும் தூக்கிப் போடாமல் கரண்ட் போன நேரத்தோடு சேர்த்துக் காட்டப்போகிறேன். அக்கா, ரொம்ப நன்றி.