நத்தைத் தொல்லை: இரண்டடித் தொட்டியில் செம்பு மருந்து ஊற்றலாமா?

புதுத்தொட்டி:
வணக்கம். வீட்டில் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒரு மீன் தொட்டி. நியான் டெட்ரா மீன், அடியில் மேயும் கோரிடோரஸ் (கோரி) மீன் ஆறு, செர்ரி இறால் ஒரு கூட்டம். அடியில் ஆற்று மணல், செடி என்றால் வாலிஸ்னேரியாவும் ஜாவா பாசியும். கொஞ்ச நாளாக நத்தை பெருகிவிட்டது. பகலில் ஒன்றிரண்டுதான் தெரியும். ராத்திரி லைட்டை அணைத்து டார்ச் அடித்தால் மணல் முழுக்க ஊர்கிறது. மீன் கடையில் நீல நிற மருந்து ஒன்று கொடுத்து, "நத்தை சுத்தமாகப் போய்விடும், மீனுக்கு ஒன்றும் ஆகாது" என்றார்கள். பாட்டிலில் காப்பர் சல்பேட் என்று மட்டும் இருக்கிறது, எத்தனை சதவீதம் என்று இல்லை. இன்னும் திறக்கவில்லை. எவ்வளவு ஊற்றுவது?

கப்பி பிரியன்:
தாராளமாக ஊற்றுங்கள் ப்ரோ. என் கப்பி மீன் தொட்டியில் இதையேதான் போட்டேன். இரண்டே நாளில் நத்தை காலி, ஒரு மீன்கூடச் சாகவில்லை.

கொளத்தூர்வாசி:
புதுத்தொட்டி, பாட்டிலை அப்படியே மூடி வையுங்கள். மூன்று விஷயம் சொல்லுங்கள். நத்தையின் ஓடு எப்படி இருக்கிறது, தட்டையாகச் சுருண்டா, கூம்பு மாதிரி நீண்டா? தண்ணீர் போர்வெல்லா, மெட்ரோ குழாய்த் தண்ணீரா, ஆர்ஓ வடிகட்டித் தண்ணீரா? இறாலுக்குத் தனித் தொட்டி இருக்கிறதா?

புதுத்தொட்டி:
ஓடு நீளமாக, கூர்மையாக, பழுப்புக் கோடுகளோடு இருக்கிறது சார். ஆர்ஓ பாதி, போர் பாதி கலந்து விடுகிறேன். வேறு தொட்டி இல்லை.

கொளத்தூர்வாசி:
நினைத்தேன். அது ட்ரம்பெட் நத்தை. முட்டை இடாது, குட்டியாகவே போடும். ஆண் இல்லாமலும் பெருகும், அதனால் செடியோடு ஒன்று வந்தாலே போதும். பகலெல்லாம் மணலுக்குள் இருக்கும். ஓட்டின் வாயில் கதவு மாதிரி ஒரு மூடி உண்டு. தண்ணீர் பிடிக்காவிட்டால் அதைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்கும். ஆக நீங்கள் மருந்து ஊற்றினால் முதலில் போவது இறால், அடுத்து கோரி. நத்தை கடைசியில்தான், அதுவும் எல்லாம் போகாது.

அளவையும் பாருங்கள். உங்கள் தொட்டி விளிம்பு வரை 56 லிட்டர். மணலும் மேலே விட்ட இடமும் போக 45 என்று வையுங்கள். மீன் நோய்க்குச் செம்பு போடும்போது லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம் வரைதான் வைப்பார்கள். 45 லிட்டருக்கு அது 9 மில்லிகிராம் செம்பு. மயில்துத்தத்தில், அதாவது காப்பர் சல்பேட்டில், செம்பு கால் பங்குதான் என்பதால் 35 மில்லிகிராம் துத்தம். ஒரு சிட்டிகை எடுத்தாலே இதைப் போலப் பல மடங்கு வரும். சதவீதம் போடாத பாட்டிலில் எத்தனை சொட்டு என்று யார் சொல்ல முடியும்? செர்ரி இறாலோ இந்த 0.2-இல் பத்தில் ஒரு பங்குக்கே திணற ஆரம்பித்துவிடும்.

தண்ணீரும் உங்களுக்குச் சாதகமாக இல்லை. கடின நீரில் உள்ள கார்பனேட் செம்பில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆர்ஓ கலந்து மென்மையாக்கிய நீரில் அந்தத் தடை குறைவு, அதே அளவு மருந்து அங்கே பல மடங்கு கடுமையாக வேலை செய்யும். கோரிக்குச் செதில் கிடையாது, எலும்புத் தட்டுதான். செம்பை அது தாங்குவது கஷ்டம்.

கப்பி பிரியன்:
அப்படியென்றால் எனக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை?

கொளத்தூர்வாசி:
உங்கள் தொட்டியில் மணல் உண்டா? சுத்த போர் தண்ணீர்தானே? நத்தை சின்னதாக, ஓடு மெல்லிசாக இருந்திருக்குமே?

கப்பி பிரியன்:
மணலே கிடையாது, வெறும் கண்ணாடி. போர் தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். நத்தை சின்னது, நகத்தால் அழுத்தினால் நொறுங்கும்.

கொளத்தூர்வாசி:
அவ்வளவுதான் விஷயம். மூடியில்லாத குளத்து நத்தை, ஒளிய மணல் இல்லை, கடின நீர், இறால் இல்லை. அந்தத் தொட்டிக்கு அது சரி. ஆனால் இனி அதில் இறால் விடுவதற்கு முன் செம்பு டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்துவிடுங்கள். செம்பு கல்லிலும் சிலிக்கானிலும் ஒட்டிக்கொண்டு, தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) இறங்கும்போது மெல்ல மெல்ல வெளியே வரும். பழைய தொட்டி வாங்கி இறால் விட்டு, காரணம் தெரியாமல் சாகக் கொடுப்பவர்களில் பாதிப் பேர் கதை இதுதான் என்பது என் சந்தேகம்.

புதுத்தொட்டி:
ஒன்று குழப்புகிறது சார். இறால் தீனிப் பாக்கெட்டின் பின்னாலேயே காப்பர் சல்பேட் என்று போட்டிருக்கிறதே?

கொளத்தூர்வாசி:
நல்ல கேள்வி. இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான், நமக்கு இரும்பு போல. அதனால் தீனியில் துளியளவு சேர்ப்பார்கள். வயிற்றுக்குள் போகும் அந்தத் துளி வேறு, தண்ணீரில் கரைந்து செவுள் வழியாக நேராக ஏறுவது வேறு. தீனியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

செடிப்பித்து:
வேட்டை நத்தை விடுங்கள். மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாக இருக்கும், அஸாஸின் ஸ்நெயில் என்று கேட்டால் தருவார்கள். மணலுக்குள் புகுந்து ட்ரம்பெட்டைத் தேடித் தின்னும். தானும் வேகமாகப் பெருகாது. நத்தை தின்னும் போட்டியா லோச் வேண்டாம், கூட்டமாக வளர்க்க வேண்டிய மீன், இரண்டடி அதற்குப் போதாது. கேரளத்து ஆறுகளில் இருக்கும் குட்டிப் பஃபர் மீனைச் சிலர் சொல்வார்கள். நத்தையைத் தின்னும், கூடவே இறாலையும் வேட்டையாடும், டெட்ராவின் துடுப்பையும் கடித்து வைக்கும்.

கொளத்தூர்வாசி:
வேட்டை நத்தை சரியான யோசனை. ஆனால் அதற்கு முன்னால் தீனியைப் பாருங்கள். கோரிக்கு எப்போது, எவ்வளவு போடுகிறீர்கள்?

புதுத்தொட்டி:
ராத்திரி லைட் அணைத்தபின் மூன்று மாத்திரை. காலையில் கொஞ்சம் கரைந்து கிடக்கும், இறால் தின்னும் என்று விட்டுவிடுவேன்.

கொளத்தூர்வாசி:
இறாலுக்கு முன்னால் நத்தை பந்தி போட்டுவிடுகிறது. ஆறு கோரிக்கு ஒரு மாத்திரை, அதுவும் சாயங்காலம் லைட் இருக்கும்போதே. அரை மணி நேரம் கழித்து மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள். தினமும் வேண்டாம், வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டால் ஒன்றும் ஆகாது.

படுக்கப் போகும்போது லேசாக வேகவைத்த வெள்ளரித் துண்டை எவர்சில்வர் ஃபோர்க்கில் குத்தி மணலில் வையுங்கள். விடியற்காலை லைட் போடுவதற்கு முன் மெதுவாகத் தூக்கினால் நத்தை கொத்தாக வரும். இறாலும் ஒட்டியிருக்கும், தண்ணீருக்குள்ளேயே ஒரு உதறு உதறுங்கள், அது குதித்துப் போய்விடும். ஒன்றுகூட இல்லாமல் ஒழிக்க முயலாதீர்கள். பத்து இருபது இருந்தால் மணலைக் கிளறிக் கொடுக்கும், உள்ளே வாயு அடைக்காது. பட்டப்பகலில் எல்லாமாகக் கண்ணாடியில் ஏறி மேலே வந்தால் மட்டும் உடனே அமோனியாவைப் பாருங்கள், காற்றோட்டத்தையும் கூட்டுங்கள்.

இன்னொன்று: மருந்தில் நத்தை மொத்தமாகச் செத்திருந்தால் அத்தனையும் மணலுக்குள் அழுகி அமோனியா ஏற்றியிருக்கும். டெட்ரா அதில் போயிருக்கும்.

செடிப்பித்து:
இனி வாங்கும் செடியை 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி படிகாரம் கரைத்து இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, நன்றாக அலசி நடுங்கள். மற்ற நத்தைகளின் முட்டைக்கும் இது வேலை செய்யும்.

புதுத்தொட்டி:
மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். பிடிக்கும் நத்தையைப் பக்கத்து ஏரியில் விட்டுவிடலாமா?

கொளத்தூர்வாசி:
ஏரி, குளம், சாக்கடை எதிலும் விடாதீர்கள். ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்துவிட்டுக் குப்பையில் போடலாம். இல்லையென்றால் நசுக்கி ஒன்றிரண்டை மட்டும் கோரிக்குப் போடுங்கள், சண்டை போட்டுத் தின்னும்.