ஈஸ்ட்ரோஜன் பேட்ச் ஒட்டுகிறவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தூக்கம் கெட்டவள்

இரண்டு மாதம் ஆகியும் மனதை விட்டுப் போகவில்லை. மாதவிடாய் நின்றபின் வருகிற தொல்லைகளுக்காகத் தோலில் ஒட்டுகிற ஹார்மோன் பேட்ச், 50 மைக்ரோகிராம், வாரம் இரண்டு முறை மாற்றுவது, அடிவயிற்றில். ஒருநாள் காலை குளிக்கும்போது தடவிப் பார்த்தால் ஆளைக் காணோம். போர்வை, தலையணை உறை, துணிக்கூடை எல்லாவற்றையும் உதறிப் பார்த்துவிட்டு, எங்கோ விழுந்திருக்கும் என்று புதியதை ஒட்டிக்கொண்டேன். மதியம் இரண்டரை வயதுப் பேத்திக்குச் சட்டை மாற்றுகிறேன், முழங்கைக்கு மேலே ஓரம் சுருண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. முந்தைய இரவு என்னைக் கட்டிக்கொண்டு படுத்தவள். பிய்த்தபோது "பாட்டி, என் ஸ்டிக்கர்" என்று அழுதாள் பாருங்கள், அந்த அழுகைதான் இன்னும் காதில் கேட்கிறது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டாக்டருக்கு போன் செய்தேன். சில மணி நேரம்தான் என்பதால் பயப்படாதீர்கள், மார்பில் வீக்கமோ வேறு மாற்றமோ தெரிந்தால் அழைத்து வாருங்கள் என்றார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

வெந்நீர்ப்பை

அக்கா, மகளிடம் சொல்லிவிடுங்கள், பிறகு தெரிந்தால் இன்னும் கஷ்டம்.

என் கதை சின்னது. இடுப்பு வலி, பேட்ச் இருந்தது பிட்டத்தின் மேல்பகுதியில், அதன் மேலேயே வெந்நீர்ப்பையை வைத்து ஒரு மணி நேரம் படுத்துவிட்டேன். மாலையில் தலைவலி, குமட்டல், மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு கை பட்டாலே வலி. சூடு பட்டால் மருந்து தோலுக்குள் வேகமாக இறங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெட்டிக்குள் இருக்கிற தாளை அதுவரை பிரித்தே பார்க்கவில்லை.

சரி, உங்களுடையது ஏன் கழன்றது? குளித்தவுடன் லோஷன் தடவுவீர்களா? எண்ணெய், பவுடர், லோஷன் எதுவும் படாத, நன்றாக உலர்ந்த தோலில்தான் ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், ஓரங்களை விரலால் நீவுங்கள். பாவாடை நாடா உரசுகிற இடம் வேண்டாம், மார்பில் ஒருபோதும் ஒட்டக்கூடாது. ஒரு தடவை ஒட்டிய இடத்தில் மறுபடி ஒட்ட ஒரு வாரமாவது விடவேண்டும், இல்லையென்றால் தோல் சிவந்து அரிக்கும். மிச்சமாகும் பசையைக் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும், நகத்தால் சுரண்டாதீர்கள். கழன்று விழுந்தால் அதையே ஒட்டிப் பாருங்கள், ஒட்டாவிட்டால் புதியது, ஆனால் மாற்றுகிற கிழமை பழையபடியே. மருந்து அதிகமாகத் தெரிந்தால் பாதியாக வெட்டி ஒட்டினாலும் போதும், நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஸ்கேன் அறை

வெட்டுவதைப் பொத்தாம் பொதுவாகச் சொல்லாதீர்கள். மருந்து பசையோடு கலந்து பரவியிருக்கிற வகையைச் சில மருத்துவர்களே வெட்டச் சொல்வார்கள். உள்ளே பை மாதிரி மருந்து தேங்கியிருக்கிற வகையை வெட்டினால் கதை முடிந்தது, மொத்தமும் வழிந்துவிடும். குறைந்த அளவிலேயே, 25 மைக்ரோகிராமில், பேட்ச் கிடைக்கும்போது கத்தரிக்கோல் எதற்கு?

நான் செய்தது அதைவிட முட்டாள்தனம். தோழி மிச்சம் வைத்திருந்த பேட்சை வாங்கி ஒட்ட ஆரம்பித்தேன், பிறகு நானே வாங்கிக்கொண்டேன். உடம்பு திடீர் திடீரென்று கொதிப்பது ஒரு மாதத்தில் நின்றது, அந்தச் சந்தோஷத்தில் பத்து மாதம் ஓடிவிட்டது. அப்புறம் உள்ளாடையில் ஒரு பொட்டு ரத்தம். ஸ்கேன் எடுத்த பெண் பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டுத் திரையில் அளந்தாள், மறுபடி அளந்தாள். கர்ப்பப்பையின் உள்சவ்வு 14 மில்லிமீட்டர் தடித்திருந்தது. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக்கூடாது, கூடவே புரோஜெஸ்டிரோன் என்கிற இன்னொரு ஹார்மோனும் வேண்டும், இல்லாவிட்டால் உள்சவ்வு தடித்துக்கொண்டே போய்ப் புற்றுநோயில்கூட முடியலாம். எனக்கு பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. அந்த ஆறு நாள் காத்திருந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை.

பழைய கோபம்

இதைப் படித்துவிட்டுப் பாதிப் பேர் பயந்து பேட்சைப் பிய்த்துப் போடுவார்கள், அதுதான் என் கவலை. 2002இல் அமெரிக்காவில், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்த அந்தப் பெரிய ஆய்வில் (WHI) ஆபத்து தெரிந்து ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தியபோது என் அக்கா ஒரே நாளில் ஹார்மோனை நிறுத்தினாள், பல வருடம் ராத்திரி எழுந்து நனைந்த ரவிக்கையை மாற்றிக்கொண்டிருந்தாள். அந்த ஆய்வில் கொடுத்தது மாத்திரை, கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போகிறது, பேட்சிலிருந்து வருவது நேராக ரத்தத்துக்குப் போகிறது, அதனால் ரத்தம் உறைகிற அபாயம் மாத்திரையைவிடக் குறைவு.

ஸ்கேன் அறை

நான் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லையே! நானும் இன்றுவரை ஒட்டுகிறேன், புரோஜெஸ்டிரோனோடு. குறைவு என்றால் எல்லாருக்கும் ஆகும் என்று அர்த்தமில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், காரணம் தெரியாமல் ரத்தம் படுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக வாங்கி ஒட்டிவிடக்கூடாது, அவ்வளவுதான்.

இரட்டை

எனக்குக் கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாது, பேட்சோ ஒளி ஊடுருவுகிற வகை. பழையதை எடுக்காமல் மறுபக்கம் புதியதை ஒட்டி, நான்கு நாள் இரண்டோடும் திரிந்திருக்கிறேன். கணவர்தான் "இதென்ன, இந்தப் பக்கமும் ஒன்று?" என்றார். இப்போது பழையது கையில் வந்த பிறகுதான் புதிய உறையைக் கிழிக்கிறேன்.

தூக்கம் கெட்டவள்

வெந்நீர்ப்பை, லோஷன்தான். தினமும் வயிறு முழுக்கத் தடவுவேன், நிறுத்திவிட்டேன். எடுத்த பேட்சிலும் மருந்து மிச்சமிருக்குமாம், அதனால் பசைப்பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து, மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுகிறேன். முன்பெல்லாம் குளியலறை ஜன்னலிலேயே ஒட்டி வைப்பேன், நினைத்தால் உடம்பு பதறுகிறது.

இப்போது பின்பக்கம் ஒட்டுகிறேன். மகளிடம் சொல்லிவிட்டேன், திட்டவில்லை, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். சின்னவள் நேற்றுகூட என் முந்தானையை விலக்கி வயிற்றில் ஸ்டிக்கரைத் தேடினாள்.