மணிலாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: அந்த ‘மெரியெண்டா காசு’ எங்கிருந்து வந்தது?

இங்கே வந்து மூன்று வாரமே ஆன தம்பி ஒருவர் நேற்றுக் கேட்டிருந்தார்: “அண்ணா, ஒரு பேப்பருக்காக ஆபீஸ் வாசலில் நின்றேன். ஒருத்தர் வந்து 1,500 பெசோ கொடுங்க, மத்தியானத்துக்குள்ள முடிச்சுத் தர்றேன்னார். கொடுக்கலாமா? இங்கே எல்லாமே இப்படித்தானா?”

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம்: கொடுக்காதீர்கள். அந்த ஆளுக்கு இங்கே ‘ஃபிக்ஸர்’ என்று பெயர். நம்மூர் ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் நிற்கிற புரோக்கருக்கு ஒன்றுவிட்ட தம்பி. 2018-இல் வந்த சட்டப்படி ஃபிக்ஸருக்கும் சிறை, அவரோடு கூட்டுச் சேர்ந்த அதிகாரிக்கும் சிறை. அதே சட்டம் கெடுவும் வைத்திருக்கிறது: எளிய வேலைக்கு 3 வேலை நாள், சிக்கலானதற்கு 7, நிபுணர் பார்க்க வேண்டியதற்கு 20. எந்த ஆபீஸ் சுவரிலும் ‘சிட்டிசன்ஸ் சார்ட்டர்’ என்று ஒரு பலகை இருக்கும். என்ன பேப்பர், எந்த ஜன்னல், எவ்வளவு கட்டணம், எவ்வளவு நேரம் எல்லாம் அதில் உண்டு. போனில் படம் எடுத்துக்கொண்டு வரிசையில் நில்லுங்கள். காசு கட்டினால் ‘அஃபீஷியல் ரிசீட்’ கைக்கு வராமல் நகராதீர்கள்.

நானும் முதல் வருடம் ஏமாந்தவன்தான். ஓர் ஆபீஸில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் காசு என்று வாயைத் திறக்கவே இல்லை. என் ஃபோல்டரைத் திறந்து என் பக்கமே தள்ளிவிட்டு, “இன்னும் மெரியெண்டா சாப்பிடலை சார்” என்றார். மெரியெண்டா என்றால் நாலு மணிப் பலகாரம். நம்மூரில் ‘டீ செலவுக்கு’ என்பார்களே, அதேதான். 500 பெசோவை உள்ளே வைத்துத் திருப்பித் தள்ளினேன். வெளியே வரும்போதுதான் கட்டணப் பலகையைப் பார்த்தேன், ஒரு பூந்தொட்டிக்குப் பின்னால்.

இரண்டாவது கேள்விக்குத்தான் நீண்ட பதில் வேண்டும். நம் ஆட்கள் பொங்கலுக்குக் கூடும்போது “இவங்க ரத்தத்துலயே ஊறினது” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஃபிலிப்பினோ நண்பர்களில் சிலர்கூட ‘ஊத்தாங் ந லொஒப்’ என்கிற நன்றிக்கடனைக் காரணமாகச் சொல்வார்கள்: உதவினவருக்கு உதவாமல் இருக்க முடியாதாம். எனக்கு இது ஒப்பவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்ந்த நமக்கு நன்றிக்கடன் என்ன புதுசா? குணத்தை விட்டுவிட்டுச் சம்பளக் கணக்கைப் பாருங்கள், விஷயம் விளங்கும்.

ஸ்பெயின்காரர்கள் 1565 முதல் 1898 வரை இங்கே இருந்தார்கள். மாகாணத்தை ஆண்டவருக்கு ‘அல்கால்தே மயோர்’ என்று பெயர். கலெக்டர், நீதிபதி, வரி தண்டுகிறவர் மூன்றும் அவர் ஒருவரே. சம்பளமோ சொற்பம். அதற்கு ஈடாக அரசே ஒரு வழி செய்து கொடுத்தது: சம்பளத்தில் ஒரு பங்கை அரசுக்குக் கட்டிவிட்டால், தன் மாகாணத்திலேயே வியாபாரம் பண்ண லைசென்ஸ். யோசித்துப் பாருங்கள். உங்கள் நெல்லுக்கு விலை வைக்கிறவரும் அவர், அந்த விலை அநியாயம் என்று வழக்குப் போட்டால் தீர்ப்புச் சொல்கிறவரும் அவர். 1844-இல்தான் இதை நிறுத்தினார்கள்.

அவருக்குக் கீழே ஊர்த்தலைவர். ஸ்பெயின்காரர் வருமுன்பே ஊரை ஆண்ட ‘தாத்து’க்களையே ‘கபேசா தெ பராங்காய்’ (ஊர்த்தலைவர்) ஆக்கி வரி வசூலிக்க விட்டார்கள். அவருக்கு வரி கிடையாது, கட்டாய உழைப்பும் கிடையாது. ஆனால் வசூலில் துண்டு விழுந்தால் அவர் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். அப்புறம் என்ன செய்வார்? கூடுதலாகவே தண்டுவார். மற்ற ஆண்களுக்கு வருடத்தில் 40 நாள் கட்டாய உழைப்பு, ‘ஃபால்யா’ என்ற தொகையைக் கட்டினால் விலக்கு. காசு கொடுத்தால் தப்பிக்கலாம் என்பதை அரசாங்கமே ரேட் போட்டுப் பழக்கியிருக்கிறது.

குடிவரவுத் துறைக்கு எப்படியும் போகத்தான் போகிறீர்கள். ஏசிஆர் கார்டு (வெளிநாட்டவருக்கான அடையாள அட்டை) வைத்திருந்தால் ஒவ்வொரு வருடமும் முதல் 60 நாளுக்குள் ஆண்டுப் பதிவு செய்ய வேண்டும், மறக்காதீர்கள். தலைமை அலுவலகம் இந்த்ராமுரோஸ் கோட்டைக்குள் இருக்கிறது. வேலை முடிந்ததும் பிளாசா ரோமா வரை நடந்து பாருங்கள். அங்கே தேர்தல் ஆணையம் இயங்கும் கட்டடத்துக்குப் பெயர் ‘பலாசியோ தெல் கொபெர்னதோர்’. முன்பு ஸ்பானிய ஆளுநரின் மாளிகை இருந்த இடம். 1719 அக்டோபரில் புஸ்தமாந்தே என்ற ஆளுநர் கஜானாவில் விழுந்த ஓட்டையைக் கண்டு, பாக்கி வைத்த பெரிய மனிதர்களிடம் வசூலிக்கக் கிளம்பினார். ஆர்ச்பிஷப்பையும் சிறையில் போட்டார். பாதிரியார்களோடு கூட்டம் மாளிகைக்குள் புகுந்து அவரையும் மகனையும் கொன்றது. அடுத்த தற்காலிக ஆளுநர் யார் தெரியுமா? சிறையிலிருந்து வெளியே வந்த அதே ஆர்ச்பிஷப். (புஸ்தமாந்தேயும் முரட்டு ஆள்தான், தியாகி ஒன்றுமில்லை.) இதை ஹிதால்கோ வரைந்த பெரிய ஓவியம் தேசிய நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நுழைவு இலவசம்.

நமக்கும் ஒரு பழைய ஒட்டு உண்டு. 1762-இல் மணிலாவைப் பிடித்த பிரிட்டிஷ் கப்பல்கள் மெட்ராஸிலிருந்து வந்தவை. கூட வந்த சிப்பாய்களில் சிலர் திரும்பிப் போகாமல் பக்கத்து ஊரான கைந்தாவிலேயே தங்கிவிட்டார்கள்.

சரி, அமெரிக்கர்கள் வந்தார்கள், ஜனநாயகம் கற்றுக்கொடுத்தார்கள் என்பார்கள். 1907 தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் மக்கள் தொகையில் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. சொத்து வேண்டும், அல்லது ஆங்கிலமோ ஸ்பானிஷோ எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், அல்லது ஏற்கெனவே பதவியில் இருந்திருக்க வேண்டும். அதாவது பழைய கபேசா வீட்டுப் பிள்ளைகள். நிலம் வைத்திருந்தவர் கையிலேயே சட்டசபையும் போனது, பிறகு வங்கியும் போனது. 1916-இல் அரசு தொடங்கிய பிலிப்பைன் நேஷனல் பேங்கின் தலைவர் வெனான்சியோ கொன்செப்சியோன், 1919-இல் ஒரு கம்பெனிக்கு 3 லட்சம் பெசோ கடன் அனுமதித்தார். அந்தக் கம்பெனியில் அவர் மனைவி பங்குதாரர். 1922-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அதே 1922-இல் வந்த பொதுப்பணிச் சட்டத்தைத்தான் எம்.பி.க்கள் கைக்குத் தொகுதிப் பணம் போகிற ‘போர்க் பேரல்’ வழக்கத்தின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லே அமெரிக்க இறக்குமதி.

1965 முதல் 1986 வரை ஆண்ட அதிபர் மார்கோஸ் காலத்துக்கு இரண்டே எண்கள் போதும். 2003-இல் உச்ச நீதிமன்றம் போட்ட கணக்கில், பதவியில் இருந்த ஆண்டுகளில் கணவன் மனைவி இருவரின் முறையான வருமானம் சுமார் 3 லட்சத்து 4 ஆயிரம் டாலர். சுவிஸ் கணக்குகளிலிருந்து பறிமுதல் செய்யச் சொன்னது 65 கோடி டாலருக்கும் மேல். 2022-இல் அவர் மகனே அதிபர். 2007-இல் கொள்ளைக் குற்றத்தில் தண்டனை பெற்ற முன்னாள் அதிபர் எஸ்த்ராதாவுக்குச் சில வாரத்தில் மன்னிப்பு, 2013-இல் மணிலா மேயர் பதவி. 1987 அரசியல் சட்டம் குடும்ப அரசியலைத் தடை செய்கிறது, ஆனால் ‘சட்டம் வரையறுக்கிறபடி’ என்று ஒரு வால். அந்தச் சட்டத்தை எழுத வேண்டியவர்கள் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே. போலித் தொண்டு நிறுவனங்கள் வழியாகத் தொகுதிப் பணம் போனது (2013-இல் அம்பலமானது), கட்டாத வெள்ளத்தடுப்புச் சுவர்களுக்குப் பில் போட்டது (2025-இல் அம்பலமானது) எல்லாம் இதே வழியில்தான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஆபீஸ் பேன்ட்ரியில் எடுத்துவிடாதீர்கள். மார்கோஸ் பெயரில் பல வீடுகளே இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. ‘த்ராபோ’ என்று அவர்கள் அரசியல்வாதியைத் திட்டலாம் (கந்தல் துணி என்றும் பொருள்), நீங்கள் சிரித்தால் போதும். 2025 செப்டம்பர் 21-இல் ஊழலுக்கு எதிராகக் கூட்டம் கூட்டமாகத் திரண்டார்கள். அப்படி நடந்தால் வேடிக்கை பார்க்கவும் போகாதீர்கள். வெளிநாட்டவர் அரசியல் ஊர்வலத்தில் கலந்துகொண்டால் நாடு கடத்தலாம்.

ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டிசம்பரில் வாட்ச்மேனும் குப்பை வண்டிக்காரரும் ‘மெரி கிறிஸ்மஸ் சார்’ என்று கவர் நீட்டுவார்கள். அது லஞ்சம் அல்ல, தீபாவளி இனாம். நூறு பெசோ வைத்துக் கொடுங்கள்.

தம்பி, நாளைக் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். பாஸ்போர்ட் ஜெராக்ஸ் மூன்று, சொந்தப் பேனா, சில்லறை. அரைக்கால் சட்டையோ செருப்போ போட்டிருந்தால் செக்யூரிட்டி உள்ளே விட மாட்டார். பலகை கண்ணில் படாவிட்டால் பூந்தொட்டியைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள்.