வலை கிழிந்த இடத்திலிருந்து தொடங்கிய கணக்கு

சின்னாற்றங்கரை (பென்னாகரம்):

மீனவர்களோடு சேர்ந்து கடல் உயிர்களைக் கணக்கெடுத்த அனுபவம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். நான் கடலே இல்லாத தர்மபுரிக்காரன். ஆனால் கணக்கெடுக்கக் கற்றது கடற்கரையில்தான்.

சென்னையில் படித்தபோது, முட்டையிடக் கரையேறும் கடலாமைகளைத் தேடி நடக்கும் ஆமை நடைக்கு இரண்டு ஆண்டுகள் போனேன். 1988 முதல் மாணவர்களே நடத்திவரும் ஒரு குழுவின் ஏற்பாடு அது. தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை, ஊர் உறங்கியபின் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே மணலில் நடப்போம். ஆமை ஏறி இறங்கிய தடம் டிராக்டர் சக்கரம் உருண்டதுபோல் இருக்கும். மணலைக் கோலால் மெல்ல அழுத்திப் பார்த்து, குடம்போல் அடியில் அகன்ற குழியைக் கையால் தோண்டி, நூறு, நூற்றிருபது முட்டைகளை எண்ணி எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்ப்போம். நேரம், இடம், குழியின் ஆழம், முட்டைகளின் எண்ணிக்கை எல்லாம் நோட்டில் ஏறும். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும்.

எங்கள் நோட்டில் அதற்கு ஆலிவ் ரிட்லி என்று பெயர். ஒரு விடியற்காலையில் வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவர் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இது பங்குனி ஆமை தம்பி. பேராமை வேறு, அழுங்காமை வேறு, ஏழுவரி ஆமை வேறு" என்றார். அது கரையேறும் மாதத்தையே அவர்கள் பெயராக வைத்திருக்கிறார்கள். ஒரு மாதமாக நாங்கள் குறித்துவந்ததை அவர் ஒற்றைச் சொல்லில் வைத்திருந்தார். அன்றிலிருந்து அவர்கள் சொல்லும் பெயரைத்தான் முதலில் எழுதினேன்.

ஊர் திரும்பி ஆசிரியர் வேலையில் சேர்ந்தேன். 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காப்புக்காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீர்நாய், முதலை, ஆற்றாமை எல்லாம் இருக்கிற ஆறு இது. கடற்கரையில் செய்ததை ஒகேனக்கல்லிலும் செய்யலாம் என்று, படம் போட்ட படிவங்களை அச்சடித்துக்கொண்டு பரிசல்காரர்களிடம் போனேன். "நீர்நாயை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் "இங்கே ஏது சார்?" என்றார்கள்.

மூன்றாவது முறை போனபோதுதான் ஒருவர் மனம் திறந்தார். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுக்குழு வந்து இரண்டு நாள் இவர்கள் பரிசலிலேயே சுற்றி, மடு மடுவாகக் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறது. என்ன கண்டோம் என்று ஒரு தாள்கூடத் திரும்பி வரவில்லை. "இருக்கிறது என்று நாங்கள் காட்டிக் கொடுத்தால், நாளைக்கு எங்களையே ஆற்றில் இறங்காதே என்பார்கள்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. படிவங்களைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

பிறகு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது இன்னொருவர் தன் வலையை விரித்துக் காட்டினார். முழங்கை நுழையும் ஓட்டை. "இந்த மாதத்தில் இது மூன்றாவது. மீனின் உடம்பைத் தின்றுவிட்டுத் தலையை வலையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறது." எது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வலை எந்த இடத்தில் கிழிந்தது என்று மட்டும் கேட்டேன். அதற்கு உடனே பதில் வந்தது. பக்கத்தில் இருந்த நான்கு பேரும் தங்கள் வலை கிழிந்த இடங்களைச் சொன்னார்கள்.

அன்றே ஒரு பள்ளி நோட்டு வாங்கினோம். என்றைக்கு, எந்தத் துறையில், எந்தப் பாறையோரம் வலை கிழிந்தது என்பதுதான் அதில் இருந்த கேள்வி. இடங்களுக்கு அவர்கள் வழங்கும் பெயர்கள்தான். எழுதப் பழக்கமில்லாதவர்களுக்கு டீக்கடை அம்மாவின் மகள் எழுதிக் கொடுத்தாள். ஆறு மாதம் கழித்துப் புரட்டியபோது, மூன்று பாறைகளின் பெயர்களே திரும்பத் திரும்ப வந்திருந்தன. எல்லோரும் சேர்ந்து அங்கே போனோம். பாறைமேல் மீன் செதிளும் நண்டு ஓடும் கலந்த எச்சம், ஈரமணலில் விரலிடைச் சவ்வு பதிந்த கால்தடம். இரண்டாம் முறை போனபோது ஐந்து நீர்நாய்கள் வரிசையாக நீந்தித் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தன. "இங்கே ஏது சார்" என்று சொன்ன அதே மனிதர் என் கையைப் பிடித்து, துடுப்பைக்கூட அசைக்காமல் நின்றார்.

பிறகு அவர்களே நோட்டில் இரண்டு கட்டங்களைச் சேர்க்கச் சொன்னார்கள். வலையில் சிக்கிய ஆமையை விடுவித்த நாள் ஒன்று. வெடிச் சத்தம் கேட்ட நாள் மற்றொன்று. வெடி போட்டு மீன் பிடிப்பவர்கள் மீன்குஞ்சோடு சேர்த்து இவர்களின் அடுத்த ஆண்டுப் பிழைப்பையும் அழிக்கிறார்கள்.

நோட்டு அவர்களிடம்தான் இருக்கிறது. நான் நகல் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவர்களைக் கேட்காமல் எதையும் இணையத்தில் ஏற்றுவதில்லை.

அணையோரம் (காவேரிப்பட்டணம்):

படிக்கும்போதே எங்கள் கிருஷ்ணகிரி அணை நினைவுக்கு வந்தது. பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காக என் பிள்ளைகளோடு அங்கே போவேன். ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எல்லாம் எழுதிப் பட்டியலை இணையத்தில் ஏற்றினால் போதும். சென்ற முறை நாங்கள் பைனாகுலரோடு தடுமாறியதைப் பார்த்து, ஆடு மேய்க்கும் பாட்டி ஒருவர், "அந்தக் கரையில் நில்லும்மா, வெயில் முதுகுப் பக்கம் விழும்" என்றார். அதுவரை கருப்புப் புள்ளிகளாகத் தெரிந்தவை முக்குளிப்பான், நாமக்கோழி என்று நிறத்தோடு பிரிந்து தெரிந்தன. பெயர் தெரிந்த எங்களுக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. பட்டியலில் அந்தப் பாட்டிக்கும் ஓர் இடம் இருந்திருக்க வேண்டும்.

அரூர்க்காரன்:

நான் அரூரில் பிறந்தவன். பணி நிமித்தம் நான்கு ஆண்டுகளாகத் தஞ்சாவூர்க் கடற்கரையில் இருக்கிறேன். இங்கே கடற்பசுவை ஆவுளியா என்பார்கள். 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் அதற்கான பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அது தின்பது கடற்புல். மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டிய உயிர். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூழ்கிச் செத்துவிடும்.

இங்குள்ள மீனவர்கள் வலையை அறுத்து விடுவித்து, அதை செல்போனில் படம் எடுத்து வனத்துறைக்கு அனுப்புகிறார்கள். துறையும் பாராட்டிப் பரிசு கொடுக்கிறது. அப்படிப்பட்ட ஒரு படம் என் அலுவலகத்துக்கு வந்தபோது நான் அழுதேவிட்டேன். அனுப்பிய தம்பியைப் பார்க்கப் போனேன். அவர் மனைவி வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். "மூன்று நாள் கடலுக்குப் போகவில்லை அண்ணா" என்றார்.

சின்னாற்றங்கரை ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். நீர்நாய் கிழித்த வலைக்கு அங்கே ஏதாவது ஈடு கிடைக்கிறதா?

சின்னாற்றங்கரை:

எங்கள் நோட்டில் இருப்பவர்கள் யாருக்கும் இதுவரை கிடைக்கவில்லை தம்பி. என்னை உறுத்துவதும் இதுதான். யானை மிதித்த பயிருக்கு மனு கொடுக்கலாம் என்று எங்கள் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரியும். கிழிந்த வலைக்கு என்று இவர்கள் யாரும் மனு எழுதியதே இல்லை. வலைக்காரன் நஷ்டத்தில் இருக்கும்போது நீர்நாயைக் காப்பாற்று என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இப்போது கையில் தேதியோடு, இடத்தோடு எழுதிய கணக்கு இருக்கிறது. அதை வைத்து மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் கைநாட்டு வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. மீன் ஆய்ந்து வறுத்துக் கொடுக்கும் அம்மாக்கள் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "எங்களுக்கும் ஒரு நோட்டு கொடுங்கள் சார்" என்றார்கள். தினமும் கைக்கு வருவதில் ஜிலேபி எவ்வளவு, கெண்டை எவ்வளவு, வாளை எவ்வளவு என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? நாளைக் காலை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.