கீலில் வரும் விசையை எந்தத் திசையில் வரைவது?

தக்கலை மாணவன்:
அனைவருக்கும் வணக்கம். நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். வாழைக்கடைகளில் ஏத்தன் குலையைத் தொங்கவிடும் சட்டத்தை மனத்தில் வைத்து எங்கள் ஆசிரியர் ஒரு கணக்கு கொடுத்தார். 2 மீட்டர் நீளமும் 8 கிலோகிராம் நிறையும் கொண்ட சீரான சட்டத்தின் ஒரு முனை சுவரில் கீலால் பொருத்தப்பட்டுள்ளது. மறுமுனையிலிருந்து மேலே சுவருக்குச் செல்லும் கயிறு, சட்டத்துடன் 30° கோணம் அமைத்து, அதைக் கிடைமட்டமாக நிறுத்துகிறது. கயிறு கட்டிய அதே முனையில் 15 கிலோகிராம் குலை தொங்குகிறது. ஈர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டு கயிற்றின் இழுவிசையைக் காணவேண்டும்.

சுவர் சட்டத்தை அதன் நீளவாக்கில் தள்ளுகிறது என்று கருதி, கீலில் ஒரே ஓர் அம்புக்குறி வரைந்தேன். இழுவிசையின் செங்குத்துக் கூறு மொத்த எடையான 230 நியூட்டனுக்குச் சமம் என்று எழுத, விடை 460 நியூட்டன் என வந்தது. விடைத்தாளில் 380 என்று உள்ளது. எடையற்ற சட்டம் என்று தரப்பட்ட முந்தைய கணக்கில் இதே முறை சரியான விடையைத் தந்ததே? மேலும், சட்டம் சுவரைத் தள்ளும் விசையையும் வரையவேண்டுமா? வரைந்தால் இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன.

நாகர்கோவில் இயற்பியல் ஆசிரியர்:
தம்பி, உங்கள் இரண்டாவது ஐயத்திலிருந்தே தொடங்குகிறேன். தனித்த பொருளின் விசைப்படம் என்பது, பெயருக்கேற்ப, ஒரு பொருளைச் சுற்றிலும் உள்ள அனைத்திலிருந்தும் பிரித்தெடுத்து, பிறபொருள்கள் அதன்மேல் செலுத்தும் விசைகளை மட்டும் குறிப்பது. சட்டம் சுவர்மேல் செலுத்தும் விசை சுவரின் படத்தில் இடம்பெறவேண்டியது. செயலும் எதிர்ச்செயலும் வெவ்வேறு பொருள்கள்மேல் செயல்படுவதால், அவை ஒரே படத்தில் சந்திக்க வழியில்லை.

இனி கீல். கீல் சட்டத்தைச் சுழல விடும், நகர விடாது. ஆகவே அது எந்தத் திசையிலும் விசை செலுத்தக்கூடும். திசை தெரியாதபோது ஊகிக்காமல், கிடைமட்டம், செங்குத்து என இரு கூறுகளாக வரைந்துவிடுவதே முறை. எடையற்ற சட்டத்தில் விசைகள் அதன் இரு முனைகளில் மட்டுமே செயல்பட்டன. இரண்டே புள்ளிகளில் விசை பெறும் பொருள் சமநிலையில் இருக்கவேண்டுமானால், அவ்விசைகள் அப்புள்ளிகளை இணைக்கும் கோட்டின் வழியேதான் அமைய முடியும். அதனால் உங்கள் ஊகம் அங்கே பலித்தது. இங்கே சட்டத்தின் நடுவில் 80 நியூட்டன் எடை மூன்றாவது புள்ளியாக வந்துவிட்டது.

கீலைப் பொறுத்துத் திருப்புவிசை எடுங்கள், அதாவது ஒவ்வொரு விசையையும் கீலிலிருந்து அதன் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தொலைவால் பெருக்கி, அதன் சுழற்றும் விளைவைக் காணுங்கள். கீலின் இரு கூறுகளுக்கும் அத்தொலைவு சுழி என்பதால், அவை தாமாகவே விலகிவிடும். எடைகளின் திருப்புவிசை 80 × 1 + 150 × 2 = 380 நியூட்டன் மீட்டர். கயிற்றின் திருப்புவிசை, இழுவிசை × சைன் 30° × 2, அதாவது இழுவிசையின் எண்மதிப்பே. எனவே இழுவிசை 380 நியூட்டன். அதன் செங்குத்துக் கூறு 190 என்பதால், மீதி 40 நியூட்டனைக் கீல் மேல்நோக்கித் தாங்குகிறது. கிடைமட்டத்தில் ஏறத்தாழ 329 நியூட்டன் வெளிப்புறமாகத் தள்ளுகிறது. அந்த 40 நியூட்டனைத்தான் உங்கள் படம் விட்டுவிட்டது.

குழித்துறைப் பொறியாளர்:
ஆசிரியர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: எந்தப் பொருளைப் பிரித்தெடுக்கிறோம் என்பதை முதலில் ஒரு மூடிய கோட்டால் வளைத்துக் காட்டுங்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வில்நாண் வகையைச் சேர்ந்தது. பாலம் முழுவதையும் வளைத்துக் கோடு போட்டால், வளைவின் இரு கால்களும் விலகாமல் பிடித்திருக்கும் நாணின் இழுவிசை படத்தில் வராது, அது அகவிசை. கோடு நாணை வெட்டிச் சென்றால்தான் அது வெளிப்படும். வெட்டுப்பட்ட ஒவ்வோர் இடத்திலும் ஒரு விசை உண்டா என்று கேட்டுக்கொண்டு கோட்டை ஒரு சுற்று வந்தால், பெரும்பாலும் எதுவும் விடுபடாது.

தக்கலை மாணவன்:
மிக்க நன்றி ஐயா. செங்குத்துக் கூறு மேல்நோக்கியது என்று முன்கூட்டியே எப்படி அறிவது? கீழ்நோக்கி வரைந்திருந்தால் கணக்கு கெட்டுவிடுமா?

நாகர்கோவில் இயற்பியல் ஆசிரியர்:
கெடாது. விடை −40 என்று வரும். அம்பின் திசை எதிரானது என்பதே அதன் பொருள். தேர்வில் அந்தக் குறியைக் கண்டு பதறி, படத்தை அழித்துத் திருத்தவும் வேண்டாம்; சமன்பாடுகள் எந்தப் படத்திலிருந்து எழுதப்பட்டனவோ அந்தப் படம் அப்படியே இருக்கட்டும், இறுதி விடையில் மட்டும் உண்மையான திசையைக் குறிப்பிடுங்கள்.

கீழ்நோக்கிய விசை உண்மையிலேயே வரும் அமைப்பும் உண்டு. அதே 30° கோணத்தில் கயிற்றைச் சட்டத்தின் நடுப்புள்ளியில் கட்டிப் பாருங்கள். இழுவிசை 760 நியூட்டனாகிறது. அதன் செங்குத்துக் கூறு 380, மொத்த எடையோ 230 மட்டுமே. ஆகவே கீல் சட்டத்தை 150 நியூட்டன் விசையுடன் கீழே இழுத்துப் பிடிக்கவேண்டும்.