விருத்தாசலத்துப் பீங்கான் மண்ணை முகத்தில் பூசலாமா?

மஞ்சக்குப்பத்தான்:
எண்ணெய் வழியும் முகத்துக்கென்று கடையில் விற்கும் கயோலின் பூச்சும், விருத்தாசலம் பீங்கான் கூடங்களுக்கு நெய்வேலிப் பக்கத்திலிருந்து வரும் வெள்ளைக் களிமண்ணும் அடிப்படையில் ஒரே அலுமினிய சிலிக்கேட்தான். அப்படியிருக்க, அந்த மண்ணையே நீரில் கரைத்து, மணல் அடியில் தங்கியபின் மேல் கலங்கலை வடித்து, கொதிக்க வைத்துப் பூசினால் என்ன குறை?

வில்லியனூர் வாசகி:
மணலை நீக்க நீங்கள் சொல்லும் முறை சரியானதே. ஆலைகளும் ஏறத்தாழ அப்படித்தான் செய்கின்றன. ஆனால் மண்ணில் இருக்கக்கூடிய ஈயமும் ஆர்சனிக்கும் கொதிப்பதால் போய்விடாது, இரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமியின் வித்துகளோ கொதிநீரிலும் பிழைத்திருக்கும். அவற்றை அழிக்க 160 பாகை செல்சியசில் 2 மணி நேரம் உலர்வெப்பம் சீராகத் தர வேண்டும். வாணலியில் வறுப்பது அதற்கு ஈடாகாது. சூளையில் வைக்கலாமே என்றால், 500 பாகையைத் தாண்டும்போது கட்டமைப்பிலுள்ள நீரை இழந்து கயோலின் வேறொரு பொருளாகவே மாறிவிடும்.

மஞ்சக்குப்பத்தான்:
கடைப்பொருள் மட்டும் யோக்கியமா, அம்மா? முகப்பவுடரில் காலங்காலமாகச் சேர்த்த டால்க்கைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2024இல் ‘பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது’ என்ற பிரிவில் சேர்த்துவிட்டது.

வில்லியனூர் வாசகி:
ஐயா, டால்க் மக்னீசிய சிலிக்கேட், கயோலின் அன்று. ஆயினும் உங்கள் எடுத்துக்காட்டு என் பக்கமே பேசுகிறது: டால்க்கில் அஸ்பெஸ்டாஸ் என்னும் புற்றுநோய் தரும் நார்க்கனிமம் கலந்தது நிலத்துக்கடியில், அண்டைப் பாறையிலிருந்து, அதைக் கண்ணால் பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

திருவந்திபுரத்தாள்:
மண் எங்கிருந்து வந்தாலும், நம் கடற்கரைப் புழுக்கத்தில் முகத்தில் வழிவது பாதி வேர்வைதான், அதை எந்தக் களிமண்ணும் நிறுத்தாது. முல்தானி மட்டியில் மிகுந்துள்ள மான்ட்மோரில்லனைட் என்ற களிமண் கனிமம் தன் அடுக்குகளுக்கிடையே நீரை இழுத்து உப்பும். கயோலினின் அடுக்குகள் இறுகப் பிணைந்திருப்பதால் அது மேற்பரப்பில் மட்டுமே எண்ணெயைப் பற்றும். வறண்ட சருமத்தில் முல்தானியை வெடிப்பு விடும்வரை காயவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

மஞ்சக்குப்பத்தான்:
அது வேறு வழக்கு. நாலைந்து பேர் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரு மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் என் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

வில்லியனூர் வாசகி:
அந்த ஒரு மாதிரிக்குக் கிடைக்கும். குழிக்குக் குழி மண் மாறுவதால் ஒவ்வொரு சுமைக்கும் மறுபடி சோதிக்க வேண்டும். செய்து விற்க நினைத்தால் 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி உரிமமும் பெற வேண்டும்.