புதுப்பிப்பு: வாழைக்காய் சீவும் இயந்திரம், காப்புரிமை மேல்முறையீடு என்ன ஆச்சு

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. முன்பு கேட்டது இதுதான்: சுழலும் கத்தித் தட்டு ஒரு பழைய ஆவணத்தில் இருக்கிறது, காயை ஸ்பிரிங்கால் தள்ளும் அமைப்பு இன்னொன்றில் இருக்கிறது, இரண்டையும் சேர்ப்பது துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றும் என்று காப்புரிமை அலுவலகத்தில் என் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள், இனி எங்கே போவது?

இத்தகைய முறையீடுகளைக் கேட்டுவந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டதால் காப்புரிமைச் சட்டத்தின் 117ஏ பிரிவின்படி நேரே உயர் நீதிமன்றம்தான். கெடு 3 மாதம்.

பலித்தது, "இயந்திரத்தின் பெருமையைப் பேசாதீர்கள், உத்தரவில் காரணம் இல்லை என்பதையே பிடித்துக்கொள்ளுங்கள்" என்ற யோசனை. முந்தைய ஆவணம் என்ன, கண்டுபிடிப்பு என்ன, அதிலிருந்து இது எப்படி எளிதில் தோன்றும் என்று மூன்றையும் அதிகாரி அலச வேண்டும் என்கிறது டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2022 அக்ரிபோர்டு தீர்ப்பு. என் உத்தரவில் மூன்றாவதுக்கு ஒரே வரி. விற்பனைக் கணக்கையும் கொடுத்தோம், அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எதிர்பாராதது: ஜெயித்தும் காப்புரிமை கைக்கு வரவில்லை. உத்தரவை ரத்து செய்து, வேறு அதிகாரி புதிதாக விசாரிக்கட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதுதான் வழக்கமாம், வக்கீல் முன்னாடியே சொல்லியிருக்கலாம். அப்புறம், காயின் பருமனுக்கேற்ப ஸ்பிரிங் அழுத்தம் மாறும் விதத்தை உரிமைகோரலில் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் சொல்லும் பகுதி) இன்னும் குறுக்கித் தெளிவாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். விசாரணை இன்னும் வரவில்லை.